மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க தம்பி இருக்கீங்க?

இந்த வாரம் வந்த லெட்டர் இது. கொஞ்சம் சுருக்கியிருக்கேன், ஆளை அடையாளம் காட்டுற விஷயமெல்லாம் எடுத்துட்டேன்.

"அக்கா, வயசு 31. வலென்சியாவுக்கு மியூசிக் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன் அப்படியே தங்கிட்டேன். கீபோர்டு வாசிப்பேன், கூடவே பாடுவேன். வாரத்துல நாலு நாளாவது போலோ (இங்க மியூசிக்காரங்க பேச்சுல ஒரு ப்ரோக்ராம், ஒரு கச்சேரி) இருக்கும். பார், ஹோட்டல் மொட்டை மாடி, சனிக்கிழமையானா கல்யாணம். சம்பளத்தோட ராத்திரி சாப்பாடும் ரெண்டு டிரிங்க்ஸும் அவங்க கணக்கு. ரெண்டு வருஷத்துல 9 கிலோ ஏறிடுச்சு. காலைல எந்திரிச்சா வாயெல்லாம் புளிப்பு, தொண்டை கரகரங்குது, மேல் ஸ்தாயில பிசிறடிக்குது. முட்டை சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது, அதனால பாதி நாள் உருளைக்கிழங்கும் பிரெட்டும்தான். குடிக்கலைன்னா பேண்ட்ல ஒரு மாதிரி பாக்குறாங்க. ராத்திரி 3 மணிக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டாதான் தூக்கமே வருது, அது தப்பா? அம்மா அனுப்புன மோர் மிளகாய் வேற டப்பா நிறைய இருக்கு. டயட் சார்ட் ஒண்ணு போட்டுக் குடுங்க."

தம்பி, சார்ட் போடப் போறதில்ல. நான் மாட்ரிட்ல டயட்டிஷியனா இருக்கேன், வீட்டுக்காரர் சவுண்ட் இன்ஜினியர், அதனால உங்க வாழ்க்கை எனக்கு ஓரளவுக்குத் தெரியும், மத்தவங்க கேபிள் சுத்தி முடிக்கிற வரைக்கும் வேன் பின் சீட்ல ஸ்பீக்கர் பெட்டிக்கு நடுவுல தூங்குனவ நான். காலை 8 மணிக்கு ஓட்ஸ், 11 மணிக்கு ஒரு ஆப்பிள்னு எழுதிக் குடுத்தா நீங்க அதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சுட்டு மறந்துருவீங்க, 8 மணிக்கு நீங்க முழிச்சிருந்தாதானே.



உங்க லெட்டர்ல என்ன சாப்பிடுறேன்னு நிறைய எழுதியிருக்கீங்க, ஆனா மத்தியானச் சாப்பாடு பத்தி ஒரு வரி கூட இல்ல. அதைப் படிச்சதுமே எனக்குப் புரிஞ்சிருச்சு. 4 மணிக்குப் படுத்து ஒரு மணிக்கு எந்திரிச்சு, ஒரு காபி, ரெண்டு பிஸ்கட், கொஞ்சம் ப்ராக்டிஸ், பசி வர்றப்போ மணி நாலரை ஆயிருக்கும். ஸ்பெயின்ல நாலரை மணிங்கறது சாப்பாட்டுக்கு அமாவாசை மாதிரி. நாலு மணியோட அடுப்பை அணைச்சுருவாங்க, திரும்ப எட்டு எட்டரைக்குதான் பத்த வைப்பாங்க, நடுவுல பார்ல கண்ணாடிக்குள்ள இருக்கறதுதான் கிடைக்கும். அப்புறம் சவுண்ட் செக், அப்புறம் அவங்க குடுக்கற சாப்பாடு, அப்புறம் ஷோ முடிஞ்சு பசியோட ஒரு ரவுண்டு, ஆக நாள் முழுக்க சாப்பிட வேண்டியதுல முக்கால்வாசி ராத்திரி 9ல இருந்து 3க்குள்ள உள்ள போகுது. 9 கிலோவும் காலைப் புளிப்பும் அங்க இருந்துதான் வருது.

இந்த ஊர்க்காரங்களும் ராத்திரி பத்து மணிக்கு சாப்பிடுறாங்களேன்னு கேப்பீங்க. சாப்பிடுறாங்க, ஆனா பல வீடுகள்ல அது ஒரு ஆம்லெட், ஒரு சூப்பு, கொஞ்சம் சாலட், அவ்வளவுதான். அவங்க நிஜமான சாப்பாடு மத்தியானம் ரெண்டுல இருந்து மூணரைக்குள்ள முடிஞ்சிருது. நீங்க அவங்க ராத்திரியை மட்டும் எடுத்துக்கிட்டு மத்தியானத்தை விட்டுட்டீங்க.

அதனால முதல் வேலை, போலோ இருக்கற நாள்ல ஒண்ணரைக்குள்ள எந்திரிச்சு ரெண்டரைக்கு ஒரு மெனு தெல் தியா முன்னாடி உக்காந்திருக்கணும். 1960கள்ல மனுவல் ஃப்ராகா சுற்றுலா அமைச்சரா இருந்தப்போ டூரிஸ்ட்டுக்காக ஓட்டல்கள்ல கொண்டு வந்த நிலையான விலைச் சாப்பாடு அது, அப்புறம் டூரிஸ்ட்டை விட கூலி வேலைக்காரரும் ஆபீஸ்காரரும்தான் அதைக் காப்பாத்திட்டு வர்றாங்க. முதல் ஐட்டம், ரெண்டாவது ஐட்டம், பிரெட்டு, குடிக்க ஒண்ணு, கடைசில இனிப்போ பழமோ காபியோ, எல்லாம் சேத்து சாதாரணக் கடைல 12ல இருந்து 16 யூரோ. வாரத்துல நாலு நாள் வெளிய சாப்பிட காசு எங்கன்னு கேட்டா, அடுத்து அதான் சொல்ல வர்றேன்.

ஸ்பானிஷ்ல தியெத்தான்னா நான் பாக்குற டயட்டும்தான், வெளியூர் போனா குடுக்கற படிக்காசும்தான். என்கிட்ட வர்ற மியூசிக்காரங்க "எனக்கு தியெத்தா சரியில்ல"ன்னு ஆரம்பிச்சா எதைச் சொல்றாங்கன்னு ஒரு நிமிஷம் கழிச்சுதான் புரியும். சம்பளக்காரரா போறப்போ, ஸ்பெயினுக்குள்ள ராத்திரி தங்காத நாளுக்கு 26.67 யூரோ, தங்குற நாளுக்கு 53.34 யூரோ வரைக்கும் சாப்பாட்டுப் படிக்கு வரி கிடையாது. நீங்க ஆட்டோனொமோவா, அதாவது சுயதொழில்காரரா, ரசீது போடுறவரா இருந்தா வேலை விஷயமா ஹோட்டல்ல சாப்பிட்டதை கார்டுல கட்டியிருந்தா கணக்குல காட்ட வழி இருக்கு, அது எப்படின்னு உங்க வரிக்கணக்கு பாக்குற ஹெஸ்தோர் கிட்ட கேளுங்க, நான் கணக்குப்பிள்ளை இல்ல. எனக்கு வேண்டியது ஒண்ணுதான், அந்தப் படிக்காசை ராத்திரி ரெண்டு மணி கெபாப்புக்கு வெச்சிருக்காம மத்தியானம் செலவு பண்ணுங்க.

இப்போ கறி சாப்பிடாதவர் மெனுல என்ன பண்றது. ரெண்டாவது ஐட்டம் எப்பவும் கறி இல்லன்னா மீன், அதைப் பாத்து ஏங்கி பிரயோஜனம் இல்ல. "தோஸ் ப்ரிமேரோஸ்"னு சொல்லுங்க, அதாவது முதல் வரிசைல இருந்தே ரெண்டு ஐட்டம், நிறைய கடைல முகம் சுளிக்காம குடுப்பாங்க. பிஸ்தோன்னு கத்திரிக்கா, குடமிளகாய், தக்காளி, சுக்கினி வதக்கி மேல ஒரு முட்டை வெச்சுத் தருவாங்க, நம்ம வாய்க்கு ரொம்ப ஒத்துப்போகும். செவியா பக்கத்து கீரை கொண்டைக்கடலை வலென்சியாவுலயும் அங்கங்க கிடைக்கும். கஸ்பாச்சோன்னு ஜில்லுன்னு ஒரு தக்காளி சூப்பு, காளான் போட்ட முட்டைப் பொரியல், சுக்கினி க்ரீம் சூப்பு. பருப்பு ஐட்டம்தான் சூழ்ச்சி, லெந்தேஹாஸ்னு எழுதியிருந்தா அதுக்குள்ள சொரீஸோ பன்னிக்கறித் துண்டு மிதக்கும், மேலாப்புல எடுத்துட்டுக் குடுத்தா சரின்னு அவங்க நினைப்பாங்க. பீன்ஸ்ல ஹமோன், அதாவது உப்புல பதப்படுத்துன பன்னித் தொடைக்கறி, இருக்கும், சல்மொரேஹோங்கற கெட்டித் தக்காளி சூப்பு மேல ஹமோன் தூவுவாங்க, "மிக்ஸ்டா" சாலட்ல சூரை மீன் இருக்கும். நான் வெஜிடேரியன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுட்டா இதெல்லாம் தட்டுல வந்து உக்காரும். ஹமோனை கறிங்கற கணக்குல சேக்காத மனுஷங்க இன்னும் இருக்காங்க, கெட்ட எண்ணமெல்லாம் இல்ல.

அதனால வார்த்தையைப் பிரிச்சு சொல்லணும். நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி அதூன். உவேவோ இ கேசோ, சி. கறி வேண்டாம், மீன் வேண்டாம், ஹமோன் வேண்டாம், சூரை வேண்டாம், முட்டையும் சீஸும் ஓகே. இதை ஃபோன்ல சேவ் பண்ணி வெச்சுக்கிட்டு போலோவுக்கு மூணு நாள் முன்னாடியே புக் பண்றவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க, சவுண்ட் செக் முடிஞ்சு கிச்சன்ல கேட்டா உங்களுக்கு பத்தாத்தாஸ் ப்ராவாஸ்தான் கிடைக்கும், நீங்க சொன்ன உருளைக்கிழங்குக் கதை அப்படித்தான் நடக்குது. மேடைக்கு எத்தனை ப்ளக் பாயிண்ட் வேணும்னு முன்கூட்டியே கேக்குறீங்கல்ல, அதே மெசேஜ்ல இதையும் சேருங்க.

பாடுறவர்ங்கறதால அவங்க குடுக்கற ராத்திரி சாப்பாடு ஷோவுக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அளவாதான் இருக்கணும். எட்டரைக்கு ஒரு துண்டு தோர்தியா (இங்கத்த உருளைக்கிழங்கு ஆம்லெட்), கொஞ்சம் தக்காளி சாலட், ஒரு பிரெட்டு போதும். மத்தியானம் ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இது போதும்னு வயிறே சொல்லும், சாப்பிடலைன்னா அந்த அலியோலி (பூண்டு சாஸ்) கிண்ணத்தைத் துடைச்சு வெச்சுட்டு மேடை ஏறுவீங்க, மூணாவது பாட்டுல ஏப்பம் வரும்.

கல்யாண நாள் கணக்கு வேற. காலைல 11 மணிக்கே செட்டப் பண்ண வரச் சொல்லுவாங்க, ஒண்ணரைக்கு காக்டெயில் நேரத்துல நீங்க வாசிச்சுட்டு இருப்பீங்க, மூக்குக்கு நேரா தட்டு தட்டா போகும், உங்க ஸ்டாஃப் சாப்பாடு நாலரைக்கோ அஞ்சுக்கோ ஏதோ ஒரு ஸ்டோர் ரூம்ல வரும். அன்னிக்கு வலென்சியாக்காரங்க வழிதான் சரி, அவங்க எஸ்மோர்சாரெத். பத்து பத்தரைக்கு பார்ல உக்காந்து கை நீளத்துக்கு ஒரு போக்கதியோ சாண்ட்விச், கூட ஆலிவ், ஓட்டோட வறுத்த வேர்க்கடலை. முட்டையும் உருளைக்கிழங்கும் வெச்ச தோர்தியா போக்கதியோ, இல்ல கூனைப்பூ ஆம்லெட் வெச்சது, எதுவா இருந்தாலும் நாலரை மணி வரைக்கும் தாங்கும். ஆனா கடைசில க்ரெமாயெத்னு சின்ன கண்ணாடி டம்ளர்ல ஒரு காபி வரும், பட்டை, எலுமிச்சைத் தோல் வாசனையோட, அடில ரம். ரம்மைக் கொளுத்தி விட்டதுல ஆல்கஹால் எல்லாம் எரிஞ்சு போயிடும்னு சொல்லுவாங்க, எல்லாம் எரியாது, கணிசமா மிச்சம் இருக்கும். காலைல பத்தரைக்கு வேண்டாம், கொஞ்சமா பால் விட்ட காபி, ஒரு கோர்தாதோ வாங்கிக்கோங்க.

குடிக்கு வர்றேன். நீங்க எழுதின "ரெண்டு டிரிங்க்ஸ் ஃப்ரீ" எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சவுண்ட் செக்ல ஒரு கான்யா, சாப்பிடுறப்போ ஒண்ணு, டோக்கனுக்கு ரெண்டு குபாத்தா, அதாவது கோலால ரம் மாதிரி ஏதாவது கலந்தது. ஒரு கான்யா 200 மில்லி பீரு, அதுல ஆல்கஹால் 8 கிராம் கிட்ட. ஒரு குபாத்தால 20 கிராம்னு ஸ்பெயின்ல கணக்கு போடுறாங்க, அது கூட கணக்குதான், இங்க பார்ல அளவு கப்பு கிடையாது, தெரிஞ்ச மியூசிக்காரருக்குன்னா கை இன்னும் தாராளம். மொத்தம் 56 கிராம். ஸ்பெயின் சுகாதார அமைச்சகம் ஆம்பளைக்கு ரிஸ்க் குறைவுன்னு சொல்ற அளவு நாளைக்கு 20. கிராமுக்கு 7 கலோரி, கோலா சர்க்கரையும் சேத்தா ஒரு ராத்திரிக்கு 500 தாண்டும், வாரத்துக்கு நாலு தடவை, ஒரு முழு நாள் சாப்பாடு அது. எடையை விடுங்க, இரைப்பை வாயை மூடி வெக்கிற தசையை ஆல்கஹால் தளர்த்திரும், நாலு மணிக்குப் படுத்தா புளிச்ச தண்ணி மேல ஏறி குரல் நாண் மேலயே வந்து உக்காரும். அந்த பிசிறு அங்க இருந்து வர்றதா இருக்கலாம்.

பேண்ட்ல ஒரு மாதிரி பாக்குறாங்கங்கறது, தம்பி, பாதி உங்க பிரமைதான். ஸ்பெயின்ல கையில கிளாஸ் இல்லாததுதான் கண்ணுக்குத் தெரியும், கிளாஸ்ல என்னன்னு யாரும் மோந்து பாக்குறதில்ல. "உனா செரோ செரோ"ன்னு கேளுங்க, ஆல்கஹால் இல்லாத 0.0 பீரு சின்ன கிராமத்து பார்ல கூட இருக்கு, வேன் ஓட்டுறவர் அதைத்தான் குடிச்சுட்டு இருப்பார் பாருங்க. "சின்" (இல்லாததுன்னு அர்த்தம்)னு மட்டும் கேட்டா வர்றது வேற, அதுல 1 சதவீதம் வரைக்கும் ஆல்கஹால் இருக்க சட்டமே விடுது. "எனக்கு ஆசைதான் அக்கா, சுத்தமா விட முடியாது"ன்னு நீங்க சொன்னா ஷோ முடிஞ்சதும் ஒரே ஒரு கிளாரா, பீர்ல பாதி லெமன் சோடா, அதோட நிறுத்துங்க. "கடைசி ரவுண்டு"ன்னு இங்க யாரும் சொல்ல மாட்டாங்க, அபசகுனம், "லா பெனூல்த்திமா"ம்பாங்க, கடைசிக்கு முந்தினதுன்னு அர்த்தம், அந்த முந்தினது மூணு தடவை வரும், நான் எண்ணியிருக்கேன். அந்த நேரத்துக்கு கீபோர்டை கேஸ்ல போட்டு வேன்ல ஏத்திட்டு வர்றேன்னு கிளம்பிருங்க, சாமான் தூக்கப் போறவனை யாரும் உக்காரச் சொல்ல மாட்டாங்க.

தண்ணி மறக்காதீங்க, வலென்சியா குழாய்த் தண்ணி கொஞ்சம் கடினமா ஒரு மாதிரி இருக்கும், அதுக்காக குடிக்காம இருந்துராதீங்க. 2022ல வந்த கழிவுச் சட்டப்படி பார், ஹோட்டல் எல்லாம் குழாய்த் தண்ணியை இலவசமா குடுத்தே ஆகணும், "ஹர்ரா தே அகுவா தெல் க்ரிஃபோ"ன்னு ஒரு ஜக்கு கேட்டு மேடைல பக்கத்துலயே வெச்சுக்கோங்க.

தொண்டைக்கு சூடா ஏதாவது குடிக்கலாம்னு தோணும். இதுல நான் அசிங்கப்பட்ட கதை ஒண்ணு. வந்த புதுசுல வீட்டுக்காரரோட ஒரு வேலைக்கு தெற்கு ஸ்பெயின்ல சான்லூக்கர் தே பர்ராமேதாங்கற ஊருக்குப் போயிருந்தேன், பாடுற பொண்ணுக்கு தொண்டை கட்டிக்கிச்சு, நான்தான் பெரிய டயட்டிஷியனாச்சே, சாமந்திப்பூ டீ குடுத்தா இதமா இருக்கும்னு பார்ல போய் "உனா மன்சனியா, போர் ஃபவோர்"னு கேட்டேன். ஜில்லுன்னு சின்ன கிளாஸ்ல வெளிர் மஞ்சளா வந்துச்சு. டீயை எதுக்கு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் குடுக்குறாங்கன்னு யோசிச்சுக்கிட்டே கொண்டு போய்க் குடுத்தேன், அந்தப் பொண்ணு ஒரே மடக்கு. அது 15 சதவீதம் ஆல்கஹால் இருக்கற ஒயின், அந்த ஊரு ஒயினுக்கும் மன்சனியான்னுதான் பேரு. "இன்ஃபுசியோன்"னு முன்னாடி சேத்துக் கேக்கணும். அதுலயும் இங்க சாப்பிட்டதும் எல்லாரும் குடிக்கிற பொலேயோ மெந்தா உங்களுக்கு வேண்டாம், புதினா வகையறா புளிச்சு மேல வர்றதை சில பேருக்கு அதிகமாக்கும். காபி சாயந்திரம் அஞ்சு மணியோட நிறுத்துங்க, அதுக்கு மேல வேணும்னா தெஸ்கஃபெய்னாதோ, அதாவது கஃபீன் எடுத்த காபி.

தயிர்சாதம் தப்பான்னு கேட்டீங்க. தப்பே இல்ல, 3 மணிங்கறதுதான் தப்பு. படுக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி வயித்துக்குள்ள போயிருக்கணும், நீங்க நாலு மணிக்குப் படுக்கறவர், அப்போ ஷோ முடிஞ்சு ஒண்ணரைக்கு இறங்குனதும் கமரினோலயே (மேடைக்குப் பின்னாடி ரூம்) சாப்பிட்டுருங்க. அதுக்கு டப்பா கையோட போகணும். வலென்சியாவுல அல்புஃபெரா ஏரிப் பக்கம் விளையுற குண்டு அரிசி வீட்லயே இருக்கும்ல, சேனியா வகை, தண்ணி கூட வெச்சு வேக வெச்சா மசிஞ்சு குழைஞ்சு வரும், நம்ம பச்சரிசி தோத்துரும், சர்க்கரை போடாத தயிரா பாத்து வாங்கி, துருவின கேரட், வெள்ளரிக்கா, ஒரு பிடி வேக வெச்ச கொண்டைக்கடலை சேத்துப் பிசைங்க. கொண்டைக்கடலை ஊற வெக்க வேண்டாம், கண்ணாடி பாட்டில்ல வெந்ததே விக்கிது, தண்ணில அலசுனா போதும், சூப்பர் மார்க்கெட்ல ஒரு யூரோ சொச்சம். வீட்டு அலமாரில இது நாலு பாட்டில் எப்பவும் இருக்கணும், ஏன்னா சனி ராத்திரி வேலை முடிஞ்சு ஞாயிறு எந்திரிச்சா பெரிய கடைங்க பல இடத்துல மூடியிருக்கும்.

ஒரே எச்சரிக்கை. வெந்த சோறை சூட்டுல மணிக்கணக்கா வெச்சா அதுல ஒரு கிருமி பெருகி வாந்தி வரும், தயிர் ஊத்திட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நம்பாதீங்க. ஆகஸ்ட் மாசம் வலென்சியா வேன்ல என்ன சூடுன்னு சொல்லத் தேவையில்ல. முந்தின நாளே செஞ்சு ஆறுனதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ஐஸ் பேக் போட்ட பையில எடுத்துட்டுப் போங்க, பாருக்குப் போனதும் அவங்க ஃப்ரிட்ஜ்ல ஒரு ஓரமா வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க, வெப்பாங்க. ஊர் ஊரா கிராமத் திருவிழாவுக்கு விடிய விடிய வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒருத்தர் இப்படித்தான் கீபோர்டு ஸ்டாண்ட் பைக்குள்ள பருப்பு சாலட் டப்பா வெச்சிருப்பார், முதல்ல கிண்டல் பண்ணுனவங்க இப்போ அவர்கிட்ட ஒரு ஸ்பூன் குடுங்கறாங்களாம்.

தொண்டையை மட்டும் சாப்பாட்டு மேல பழி போட்டுட்டு விட்டுராதீங்க. கரகரப்பு மூணு வாரத்துக்கு மேல இருந்தா உங்க சிப் கார்டை (வலென்சியா அரசு மருத்துவ அட்டை) எடுத்துக்கிட்டு ஹெல்த் சென்டர்ல டாக்டரைப் பாத்து காது மூக்கு தொண்டை டாக்டருக்கு எழுதி வாங்குங்க, கேமரா விட்டுப் பாத்தா குரல் நாண்ல என்னன்னு தெரிஞ்சுரும். நண்பர் சொன்னார்னு ஒமேப்ரசோல்ங்கற அசிடிட்டி மாத்திரையை வாங்கி மாசக்கணக்குல முழுங்குறதெல்லாம் வேண்டாம். அதுவரைக்கும் கட்டில் தலைமாட்டுக் காலுக்கு ரெண்டு செங்கல் குடுங்க, தலையணை அடுக்கினா கழுத்துதான் வலிக்கும்.

எடை எவ்வளவு குறையும்னு நான் சொல்ல மாட்டேன். ஆறு வாரம் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் விடாம பிடிங்க, என்னிக்கு ரெண்டரைக்கு உக்காந்தீங்க, என்னிக்கு விட்டுப்போச்சு, மறுநாள் காலைல வாய் எப்படி இருந்துச்சுன்னு செட் லிஸ்ட் பின்பக்கமே கிறுக்கி வெச்சு எனக்கு அனுப்புங்க.

மோர் மிளகாய் மத்தியானத்துக்கு வெச்சுக்கோங்க, வீட்ல சாப்பிடுற நாள்ல. ராத்திரி டப்பாவுக்குள்ள அது வேண்டாம், அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.